எதிரே நிற்பவர் எளியவராக இருக்கும்போது

பல வருடங்கள் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து வேலை பார்த்தவள் நான். ஒருவரின் நாகரிகத்தை அவர் உடையிலோ பேச்சுத் திறமையிலோ தேட மாட்டேன். தன்னை எதிர்த்து ஒரு வார்த்தை சொல்ல முடியாதவரிடம் எப்படி நடந்துகொள்கிறார் என்றுதான் பார்ப்பேன். நாம் பழக வேண்டியதும் அங்கேதான்.

எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் உங்களிடம் படிவத்தை நீட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் குரலைத் தாழ்த்துங்கள். அவருடைய வருமானம் என்ன, கணவர் உயிரோடு இருக்கிறாரா என்பதெல்லாம் பின்னால் நிற்கும் வரிசைக்குக் கேட்கக் கூடாது. வயதில் சிறியவராக இருந்தாலும் 'நீங்கள்' என்றே பேசுங்கள். எழுதி முடித்ததும் முழுவதையும் வாசித்துக் காட்டுங்கள், அதற்குப் பிறகு கைரேகை வாங்குங்கள். எதற்குச் சம்மதிக்கிறோம் என்று தெரிந்துகொள்ளும் உரிமை அவருக்கு உண்டு. அவசரத்தில் பலர் விட்டுவிடுவது இதைத்தான். எனக்கு மிகவும் வலிக்கிற இடமும் இதுதான்.

முடியாது என்று சொல்ல நேர்ந்தால் காரணத்தையும் சொல்லுங்கள். எந்தத் தாள் குறைகிறது, அடுத்து யாரைப் பார்க்க வேண்டும் என்று எழுதியே கொடுத்துவிடுங்கள். வெறுமனே "நாளைக்கு வாங்க" என்றால் அவருடைய ஒரு நாள் கூலி போய்விடும்.

கடினமானது, நியாயம் நம் பக்கம் இருக்கும் நேரம். அப்போதுதான் நாக்கு நீளும். செய்த தவறை மட்டும் பேசுங்கள். பிறப்பு, உடம்பு, படிப்பு எதையும் இழுக்காதீர்கள். நாலு பேர் முன்னால் வேண்டாம், தனியே அழைத்துச் சொல்லுங்கள். அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டால் அதோடு விட்டுவிடுங்கள். காயம்பட்ட வீரன் எந்தப் படையைச் சேர்ந்தவனானாலும் அவனுக்குச் சிகிச்சை தர வேண்டும் என்று 1864-இல் ஜெனீவாவில் நாடுகள் ஒப்பந்தம் செய்தன. போர்க்களத்திலேயே அப்படி ஒரு வரம்பு உண்டென்றால், வரிசையில் முந்தியவரிடம் நமக்கு ஏன் இருக்கக் கூடாது?

இந்த நாகரிகத்தையெல்லாம் படித்த பிறகு, வசதி வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதை நான் ஏற்க மாட்டேன். வட ஈராக்கின் ஷானிதர் குகையில் 1957-இல் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த நியாண்டர்தால் என்ற ஆதி மனித இனத்தைச் சேர்ந்த ஒருவரின் எலும்புக்கூடு கிடைத்தது. வலது கை சூம்பியிருந்தது, இடது கண்ணருகே பலத்த அடி. அந்தக் காயங்கள் ஆறி, அவர் பல ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறார். கூட இருந்தவர்கள் துணை நின்றிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. அவர்களிடம் நகரமும் இல்லை, எழுத்தும் இல்லை.

உங்களுக்காக உழைப்பவரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவர் பேசும்போது கைபேசியைக் கீழே வையுங்கள். வேலை முடிந்ததும், அவர் கேட்கும் முன்பே கூலியைக் கொடுத்துவிடுங்கள்.