பழைய கணினி: ரீசெட் செய்வதா, விண்டோஸை மாற்றுவதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணினி மெதுவானதும் பலரும் முதலில் கேட்பது, விண்டோஸ் 11-க்கு மாறினால் வேகம் கூடுமா என்பதுதான். பெரும்பாலும் கூடாது. இயங்குதளத்தை மேம்படுத்துவது பாதுகாப்புக்காக. ரீசெட், அதாவது விண்டோஸைப் புதிதாக நிறுவிய நிலைக்குத் திருப்புவது, நாளடைவில் சேர்ந்த தேவையற்ற நிரல்களையும் கோளாறுகளையும் நீக்குவதற்காக. ஒன்றின் வேலையை மற்றொன்றிடம் எதிர்பார்ப்பதுதான் முதல் தவறு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. எத்தனை முறை ரீசெட் செய்தாலும் அது விண்டோஸ் 10-ஆகவே இருக்கும்.

அடுத்த தவறு, தாமதம் எங்கே என்று பார்க்காமலே வேலையில் இறங்குவது. கணினி திணறும் நேரத்தில் டாஸ்க் மேனேஜரை (எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் விண்டோஸ் கருவி) திறந்து பாருங்கள். பிராசஸர் 10 சதவீதத்தில் சும்மா இருக்க, டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நின்றால், தடை பெரும்பாலும் பழைய ஹார்டு டிஸ்கில்தான் இருக்கும். அங்கே ரீசெட் தரும் நிம்மதி சில வாரங்களுக்குத்தான். அதற்குப் பதிலாக, வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி பொருத்துவதே தீர்வு. அந்த டிஸ்க் பழுதாகிக்கொண்டிருந்தால் இன்னும் கவனம் தேவை, ஏனெனில் ரீசெட்டின்போது நடக்கும் இடைவிடாமல் தரவு எழுதும் வேலையிலேயே அது முற்றிலும் செயலிழந்துவிடக்கூடும். கோப்புகளை வேறொரு டிஸ்கில் நகலெடுக்காமல் எதையும் தொடங்காதீர்கள்.

ரீசெட்டில் ‘கோப்புகளை வைத்துக்கொள்’ என்ற தேர்வை நம்பி ஏமாறுபவர்கள் அதிகம். ஆவணங்களும் படங்களும் தங்கும். நீங்கள் நிறுவிய நிரல்களும் எழுத்துருக்களும் தங்கா. கணக்கு மென்பொருள்கள் சில, தரவைத் தம் நிரல் கோப்புறைக்குள்ளேயே வைத்திருக்கும் என்பதால் அதைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். டிஸ்கைப் பூட்டிப் பாதுகாக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் இயங்கினால் அதன் மீட்புக் குறியீட்டையும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் 11-க்குத் தகுதியில்லை என்ற அறிவிப்பைக் கண்டதும் கணினியையே ஒதுக்கிவிடுவதும் அவசரம்தான். விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லான டிபிஎம் 2.0 இருந்தும், பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) அணைக்கப்பட்டிருக்கலாம், இயக்கினால் போதும். ஆனால் இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசஸர்கள், மிகச் சில நீங்கலாக, ஏற்கப்படுவதில்லை. குறுக்குவழியில் நிறுவினால் பிற்காலப் புதுப்பிப்புகளுக்கு மைக்ரோசாஃப்ட் உறுதி தராது, பாதுகாப்புக்காக மாறியவருக்கு அந்தப் பாதுகாப்பே கேள்விக்குறியாகிவிடும். குறைந்தபட்ச நினைவகம் (ரேம்) 4 ஜிபி என்று சொல்லப்பட்டாலும், உலாவியில் நான்கைந்து பக்கங்களைத் திறந்தாலே அது போதாமல் போகும். 8 ஜிபி இல்லாமல் மாறுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

மேம்படுத்திய பிறகு இடம் மிச்சமாகட்டும் என்று பழைய விண்டோஸ் சேமிக்கப்பட்டிருக்கும் விண்டோஸ்.ஓல்டு (Windows.old) கோப்புறையை உடனே அழிக்காதீர்கள். பிரிண்டரோ வைஃபையோ வேலை செய்யாவிட்டால் 10 நாட்களுக்குள் பழைய பதிப்புக்குத் திரும்ப அது இருந்தாக வேண்டும்.