ஓட்டப் பயிற்சியும் வணிகப் படிப்பும்: என் அனுபவம்

தஞ்சாவூரில் பி.பி.ஏ. படித்துக்கொண்டே 400 மீட்டர் ஓட்டத்துக்குப் பயிற்சி பெற்ற எனக்கு, மாலையில் அன்னை சத்யா விளையாட்டரங்கிலிருந்து பட்டுக்கோட்டைக்குப் பேருந்தில் திரும்பும்போது அடக்கவிலைக் கணக்கு மனத்தில் நிற்கவே இல்லை. ஆகவே கணக்குப் பாடங்களை விடியற்காலைக்கு மாற்றி, மேலாண்மைக் கோட்பாடுகளை மட்டும் பேருந்துக்கு ஒதுக்கினேன்.

பெரிய மாற்றம் தொழில்முனைவுப் பாடத்தில்தான் வந்தது. செயல்திட்டத்துக்கு எங்கள் பகுதியின் தென்னை நார்க் கயிற்றுத் தொழிலையே எடுத்துக்கொண்டு, போட்டியில்லாத வாரங்களில் சித்தப்பாவின் கயிற்றுக் கூடத்தில் நார் விலை, கூலி, வாடகை ஆகியவற்றைக் குறித்துவந்தேன். ஒரு கிலோ கயிற்றின் விற்பனை விலையிலிருந்து நாரும் கூலியுமான மாறும் செலவைக் கழித்து, வாடகை போன்ற நிலையான செலவை அந்த மீதித் தொகையால் வகுத்தால், நட்டமில்லாமல் நிற்க எத்தனை கிலோ விற்கவேண்டும் என்பது தெரிந்துவிடும். சித்தப்பாவின் உண்மைக் கணக்கில் அதைப் போட்டுப் பார்த்தபின் அந்தப் பாடத்தை நான் மனப்பாடம் செய்யத் தேவையே இருக்கவில்லை.

வருகைப்பதிவுக்கு, போட்டிக்குப் புறப்படும் முன்பே உடற்கல்வி இயக்குநரிடம் ஆன் டூட்டி கடிதம் (போட்டிக்காக வகுப்புக்கு வராத நாளையும் வந்ததாகக் கணக்கிடக் கேட்கும் கடிதம்) பெற்றுத் துறைத்தலைவரிடம் கொடுத்துவிடுவேன். விளையாட்டும் கல்லூரிப் பணிதான் என்பது என் உறுதியான கருத்து. தவறிய வகுப்பின் குறிப்புகளை நண்பர்கள் அன்றிரவே படமெடுத்து அனுப்பிவிடுவார்கள்.