தடிமனுக்கு நொச்சி வேது பிடிக்கிறது எப்பிடி?

மாரி தொடங்கினா வன்னியில வீட்டுக்கு ஒருத்தராவது மூக்கைச் சிந்திக்கொண்டு திரிவினம், உடன கடைக்கு ஓடாம முதல் நொச்சி எங்க நிக்குதெண்டு பாருங்கோ. நொச்சிமோட்டை, நொச்சிக்குளம் எண்டு வவுனியாப் பக்கம் ஊர்ப் பேரே இருக்கு, தேடினா கிடைக்காமலே போகும்? ஆத்தங்கரை, குளத்துக்குக் கீழ ஈரம் நிக்கிற பக்கம் பத்தையா வளர்ந்திருக்கும்.

ஒரு காம்பில மூண்டு இல்லாட்டி அஞ்சு இலை, விரலை விரிச்ச மாதிரி. மேல பச்சை, கீழ்ப்பக்கம் சாம்பல் வெள்ளை, பூ ஊதா கலந்த நீலம். ஐமிச்சமெண்டா ஒரு இலையைக் கசக்கி மணந்து பாருங்கோ, மூக்குக்குள்ள ஏறுற காரமான மணம் வரவேணும், வராட்டி விட்டிடுங்கோ. வயல் வரம்பில நிக்கிறதைப் பிடுங்காதேங்கோ, களைநாசினி அடிச்சிருப்பினம், அதையும் சேர்த்து இழுக்க ஏலாதுதானே. காட்டோரமெண்டா மண்டையோடு கீறின சிவப்பு மிதிவெடி போர்ட் இருக்கிற பக்கம் காலே வைக்கக்கூடாது.

ரெண்டு கைப்பிடி இலையைக் கழுவி, அரைப்பானை தண்ணியில போட்டு மூடி நல்லாக் கொதிக்க விடுங்கோ. சிலபேர் வேப்பிலை, ஆடாதோடை, தேசி இலை, மஞ்சள் எல்லாம் சேர்ப்பினம், என்னைக் கேட்டா நொச்சி மட்டும் காணும். அடுப்பில இருக்கேக்க குனியவே வேண்டாம், பானையை இறக்கி ஆடாம நிலத்தில வைச்சு, போர்வையால தலையையும் பானையையும் சேர்த்து மூடி, கண்ணை மூடிக்கொண்டு, மூடியைச் சாடையா நீக்கி நீக்கி ஆவியை இழுங்கோ. முகம் ஒரு முழமாவது தள்ளி இருக்கவேணும். அஞ்சு, பத்து நிமிசம் காணும், பிறகு வேர்வையைத் துடைச்சிட்டு காத்துப் படாம இருங்கோ.

சின்னப்பிள்ளையளுக்கு வேது வேண்டாம், பானை கவிண்டா உடம்பெல்லாம் வெந்திடும். இழுப்பு இருக்கிற ஆக்களுக்கும் ஆவி சேராம விடலாம். உப்பிடியான ஆக்களுக்கு இலையை நிழலில காயவைச்சு தலையணைக்குள்ள அடைச்சுக் குடுங்கோ, தலைப்பாரத்துக்கும் பீனிசத்துக்கும் பழைய ஆக்கள் செய்யிறதுதான்.

வேது மூக்கடைப்பைத்தான் இளக்கும், காய்ச்சலை மாத்தாது. வயலுக்குள்ள இறங்கின ஆளுக்குக் காய்ச்சல், தசை நோ, கண் சிவப்பெண்டா எலிக்காய்ச்சலா இருக்கலாம், 2024 டிசம்பரில யாழ்ப்பாணத்தில அதால செத்த சனமும் இருக்கு. கண்ணுக்குப் பின்னால நோவோட காய்ச்சலெண்டா டெங்குவா இருக்கலாம். ரெண்டுக்கும் போர்வைக்குள்ள இருந்து நாளைக் கடத்தாதேங்கோ, ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் செக் பண்ணுங்கோ, அஸ்பிரின், புரூபன் ஒண்டும் நீங்களாப் போடாதேங்கோ.

முழங்கால் வீக்கத்துக்கு இலையை வதக்கி துணியில கட்டி, கை பொறுக்கிற சூட்டில ஒத்தலாம். பின்னேரத்தில தணலில பச்சை இலையைப் போட்டு புகைச்சா நுளம்பு குறையும், எண்டாலும் வலையைக் கழட்டிப்போடாதேங்கோ. கசாயமாக் குடிக்கிறதெண்டா சித்த வைத்தியரைக் கேட்டிட்டுச் செய்யுங்கோ, பிள்ளைத்தாச்சியள் தொடவே வேண்டாம்.

மிஞ்சின இலையை எறியாம நல்லாக் காயவைச்சு பயறு, கௌபி வைக்கிற வாளிக்குள்ள ஒரு படை போடுங்கோ, பூச்சி குறையும், சமைக்க முதல் இலையைப் பொறுக்கிப்போட்டு ஒருக்காப் புடைச்சாச் சரி.