றெசினுக்க அசிட்டோன் விட்டா என்ன நடக்கும்? மூண்டு கப்பில செஞ்சு பாருங்கோ

திருகோணமலைக் கரையில பைபர் போட்டுக்கு வெடிப்பு அடைக்கிற நேரம் றெசின் (பைபரோட சேத்துப் பூசி இறுக விடுற பிசின்) கெட்டியா இருக்கு, பிரஷ்ல இழுபடுதில்லை எண்டு கொஞ்சம் அசிட்டோன் விட்டுக் கலக்கிறவை கனபேர். எங்கட சித்தப்பாவும் அப்பிடித்தான் செஞ்சவர், அடுத்த நாள் விடிய போய் நகத்தால அமத்தினா நகம் உள்ள இறங்குது, எல்லாத்தையும் சுரண்டி எடுத்துத் திரும்பப் பூச ரெண்டு நாள் தொழில் போச்சு.

றெசின் பெயின்ட் மாதிரிக் காயிறதில்லை. அதுக்குள்ள பொலியெஸ்டர் சங்கிலியும் அதைக் கரைச்சு வச்சிருக்கிற ஸ்டைரீனும் இருக்கு. ஹார்ட்னர் எண்டு ஊத்திறது எம்ஈகேபி எண்ட பெரொக்சைட், றெசினுக்க ஏற்கனவே கலந்திருக்கிற கோபால்ட் அதை உடைக்க சுயாதீன மூலிகம் (சோடி இல்லாத இலத்திரனோட, ஆரையும் பிடிக்கத் துடிக்கிற துண்டு) வருது, அது ஸ்டைரீனையும் பொலியெஸ்டரில உள்ள இரட்டைப் பிணைப்பையும் மாறி மாறிக் கோத்துக்கொண்டு போகுது. ரெண்டு விதமான மணி சேந்த மாலை, அதான் இணைபல்பகுதியம். ஸ்டைரீன் கரைப்பானும்தான், மாலையில கோக்கப்படுற மணியும்தான். அசிட்டோன் கோக்கப்படாது, இடையில சும்மா நிக்கும். அந்த வித்தியாசத்தைக் கண்ணால பாக்கத்தான் இந்த வேலை.

வெளியில, நிழலில, காத்தோட்டமான இடத்தில, நெருப்புக்குக் கிட்ட இல்லாம வையுங்கோ. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், ஹார்ட்னர் கண்ணில பட்டா பார்வையே போகலாம். கோபால்ட்டைத் தனியா வாங்கி வச்சிருந்தா அதையும் ஹார்ட்னரையும் நேரா ஒருநாளும் சேக்காதீங்கோ, வெடிக்கும். அசிட்டோனுக்க ஹார்ட்னரை விடுறதும் கூடாது.

மெழுகு பூசாத மூண்டு பேப்பர் கப்பில 50 கிராம் படி றெசின் நிறுத்து விடுங்கோ. முதல் கப் அப்பிடியே. ரெண்டாவதுக்கு 5 கிராம் அசிட்டோன், மூண்டாவதுக்கு 5 கிராம் ஸ்டைரீன், நல்லாக் கலக்குங்கோ. கடைசியாத்தான் ஒவ்வொண்டுக்கும் 0.7 மில்லிலீற்றர் ஹார்ட்னர், சிறிஞ்சால அளந்து, ஒரே நேரத்தில. கச்சான் காத்து அடிக்கிற மத்தியானமும் மழைநாள் காலமையும் ஒண்டில்லை, சூடு கூடினா வேகம் கூடும், அதால மூண்டையும் பக்கத்தில வச்சு ஒண்டாச் செய்யோணும்.

நிமிசத்துக்கு ஒருக்கா ஐஸ்கிறீம் குச்சியைத் தூக்கிப் பாருங்கோ. முதல்ல தேன் மாதிரி வழியும், பிறகு நூல் இழுபடும், பிறகு திடீரெண்டு ஜெலி மாதிரி அறுந்து நிக்கும், அந்த நேரத்தைக் குறியுங்கோ. கப்பை வெளிப்பக்கத்தால தொட்டா சூடேறுறது தெரியும்.

அசிட்டோன் கப் பிந்தும், சூடும் குறைவு. படிக்கிற பிள்ளையளுக்குச் சொல்லுறன், வேகம் மொனமர் (ஸ்டைரீன் மாதிரிக் கோக்கப்படுற மணி) செறிவுக்கு நேர்விகிதம், தொடக்கியின்ட (இங்க ஹார்ட்னர்) செறிவுக்கு வர்க்கமூலத்தில போகும், அசிட்டோன் ரெண்டையும் குறைக்குது. இன்னொண்டும் இருக்கு, அதுதான் எனக்கு ஆகப் பிடிச்ச இடம். வளர்ற ரெண்டு மூலிக நுனி சந்திச்சா ரெண்டும் செத்துப்போகும். கலவை கெட்டியாகக் கெட்டியாக நீளச் சங்கிலியால அசையேலாது, ஆனா சின்ன ஸ்டைரீன் மூலக்கூறு நழுவி வந்து சேந்துகொண்டே இருக்கும், அதால வேகம் தானா ஏறும். இதுக்கு ஜெல் விளைவு எண்டு பேர். அசிட்டோன் விட்டுத் தண்ணியாக்கினா நுனிகள் லேசாச் சந்திச்சுச் சாகும், அந்த ஏத்தம் பிந்திப்போகும்.

ஸ்டைரீன் கப்பும் கொஞ்சம் பிந்தலாம், இணைக்கிற பொலியெஸ்டர் ஐதாகுதெல்லோ. ஆனா அடுத்த நாள் மூண்டையும் நகத்தால அமத்திப் பாருங்கோ, ஸ்டைரீன் கப் இறுகியிருக்கும், அசிட்டோன் கப் மெத்தெண்டு இருக்கும், ஆவியாகி வெளிய வந்த இடத்தில ஊசித்துளை மாதிரியும் தெரியலாம். மேற்பரப்பு மட்டும் பிசுபிசுத்தா அது வேற கதை, காத்தில இருக்கிற ஒட்சிசன் மூலிகத்தைப் பிடிக்கிறதால வாறது, முதல் கப்பிலயும் வரும்.

றெசின் கெட்டியெண்டா வாங்கின கடையில கேட்டு அளவா ஸ்டைரீன் விடுங்கோ. அசிட்டோன் பிரஷ் கழுவ.