பேரீச்சை ஆணா, பெண்ணா? பாளை விரியும் முன் கோடரியை எடுக்காதீர்கள்

பேரீச்சையில் ஆணும் பெண்ணும் தனித்தனி மரங்கள்; காய்ப்பது பெண்தான். அதனால் விதை போட்டு வளர்த்த கன்று இடுப்பளவு உயர்ந்ததுமே ஜோசியம் தொடங்கிவிடும். முள் நீளமாக இருந்தால் ஆண், மட்டை அகலமாக விரிந்தால் பெண் என்று ஆளுக்கொரு இலக்கணம் வைத்திருக்கிறார்கள். எதுவும் நம்பத்தக்கதல்ல. பூக்காத கன்றைக் கண்ணால் பார்த்து ஆண், பெண் சொல்ல முடியாது. இலையின் மரபணுவை ஆய்வகத்தில் சோதித்துச் சொல்லலாம். சாதாரணத் தோட்டக்காரருக்கு அது எட்டாத வசதி. நம் ஊர்ப் பனையும் இப்படித்தான்: அலகா (ஆண் பனை), பருவமா (பெண் பனை) என்பது பாளை தள்ளிய பிறகே தெரியும்.

பொறுமை இழப்பது அடுத்த தவறு. விதைக்கன்று பூக்க 4 முதல் 8 ஆண்டுகள்கூட ஆகலாம். பத்து விதை போட்டால் ஐந்து பெண் என்று கணக்குப் போடுவதும் வீண். சராசரி பாதிக்குப் பாதிதான், ஆனால் ஒரே வரிசையில் ஏழெட்டு ஆண் நிற்பது அதிசயமல்ல. பெண்ணாகவே அமைந்தாலும் தாயின் பழம் வராது. குஜராத்தின் கட்ச் பகுதியில் விதையில் வளர்ந்த மரங்கள் ஏராளம்; நிறம், அளவு, இனிப்பு எல்லாமே மரத்துக்கு மரம் மாறும். பர்ஹி ரகப் பேரீச்சைதான் வேண்டும் என்றால் பர்ஹி மரத்தடியில் முளைக்கும் பக்கக்கன்றையோ திசு வளர்ப்புக் கன்றையோ வாங்குங்கள். அதில் ஆணா, பெண்ணா என்ற கேள்வியே இல்லை. மூன்று, நான்கு ஆண்டுகளில் பூவும் வந்துவிடும்.

முதல் பாளை எட்டிப்பார்த்ததும் அதைக் கத்தியால் கீறிப் பார்ப்பவர்கள் உண்டு. முற்றாத பாளைக்குள் எல்லாமே வெளிறிய மொட்டாகத்தான் தெரியும். பாளை தானாக வெடிக்கட்டும். ஆணாக இருந்தால் வெள்ளைப் பூக்கள் மெழுகுபோல, சரத்தில் நெருக்கமாக இருக்கும். ஒவ்வொன்றிலும் மூன்று கூர்மையான இதழ்கள். சரத்தைத் தட்டினால் உள்ளங்கையில் வெளிர் மகரந்தம் மாவாக உதிரும். பெண் சரத்தில் மஞ்சள் மணிகளைக் கோத்ததுபோல் உருண்டைப் பூக்கள் இடைவெளி விட்டு இருக்கும். தட்டினாலும் தூள் விழாது.

பெண் என்று தெரிந்த பின்னும் ஒரு குழப்பம் காத்திருக்கிறது. ஒரு பூவுக்கு மூன்று சூலகங்கள். மகரந்தம் சேர்ந்தால் பெரும்பாலும் ஒன்றுதான் காயாகும். சேராவிட்டால் மூன்றும் விதையில்லாத சின்னப் பிஞ்சுகளாக ஒட்டிக்கொண்டு நிற்கும். இதைப் பார்த்து ‘மலட்டு மரம், கன்று விற்றவன் ஏமாற்றிவிட்டான்’ என்று திட்டுகிறார்கள். பழி கன்றின் மீதல்ல. தேனீக்கள் ஆண் பூவிலேயே மேய்ந்துவிட்டுப் போய்விடும். காற்றை மட்டும் நம்பினால் காய்ப்பு குறையும். பெண் பாளை வெடித்த இரண்டு, மூன்று நாட்களுக்குள் ஆண் சரங்கள் சிலவற்றை அதன் நடுவே தலைகீழாகச் செருகி, கயிற்றால் தளர்வாகக் கட்டுங்கள்.

அதனால்தான், ஆண் என்று தெரிந்த மறுநாளே எல்லாவற்றையும் வேரோடு சாய்ப்பதைப் பெரிய தவறு என்பேன். ஓர் ஆண் மரம் நாற்பது, ஐம்பது பெண் மரங்களுக்கு மகரந்தம் தரும். நன்றாகத் தூள் கொட்டும் ஒன்றிரண்டை வேலியோரத்தில் விட்டுவைத்து, மற்றவற்றை எடுங்கள். விட்டுவைத்த ஆண் மரம் உங்கள் பெண் மரங்களுக்கு முன்பே பூத்துவிட்டால், மகரந்தத்தை நிழலில் உலர்த்தி, காற்றுப் புகாத புட்டியில் அடைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். ஈரம் பட்டால் பூசணம் பிடித்துவிடும்.