3060-ஆ, 4060-ஆ: எதைப் பார்த்து முடிவு செய்வது?

கிராபிக்ஸ் கார்டுகளை ஒப்பிடும்போது கோர் (கணக்குப் போடும் சிறு அலகு) எண்ணிக்கையை நான் கடைசியில்தான் பார்ப்பேன். தலைமுறை மாறினால் அந்த எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. என்விடியா ஆர்டிஎக்ஸ் 3060-இல் 3584 கூடா கோர்கள் (என்விடியா தன் கோர்களுக்கு வைத்த பெயர்), 4060-இல் 3072தான். ஆனாலும் 1080பி கேம்களில் பெரும்பாலும் 4060 முந்திவிடும். அதன் கடிகார வேகம், அதாவது கோர்கள் இயங்கும் வேகம், அப்படி.

முதலில் மெமரியைப் பாருங்கள். 3060-க்கு 12 ஜிபி, 192 பிட் பஸ் (மெமரிக்கும் சிப்புக்கும் இடையே தரவு போகும் பாதை), அதில் நொடிக்கு 360 ஜிபி தரவு போகும். (8 ஜிபி வகையும் உண்டு, பெட்டியைப் படித்துவிட்டு வாங்குங்கள்.) 4060-க்கு 8 ஜிபி, 128 பிட், 272 ஜிபி. குறுகிய பஸ்ஸை 24 எம்பி எல்2 கேச் (சிப்புக்குள்ளேயே இருக்கும் வேகமான சிறு மெமரி) ஓரளவு ஈடுகட்டும். ஆனால் 8 ஜிபி நிரம்பிவிட்டால் கேச் காப்பாற்றாது. டெக்ஸ்சரை (பொருள்களின் மேற்பரப்புப் படங்களை) அல்ட்ராவில் வைத்தால் ஆட்டம் திக்கித் திணறும். பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் பெரிய காட்சிகளை ரெண்டர் செய்பவரா? யோசிக்கவே வேண்டாம், 12 ஜிபி.

அப்புறம் பென்ச்மார்க், அதாவது வேகச் சோதனை எண்கள். சராசரி எஃப்பிஎஸ்ஸோடு (நொடிக்கு எத்தனை ஃபிரேம்) நிறுத்தாமல் '1% லோ' எண்ணையும் (மிக மெதுவான 1% ஃபிரேம்களின் வேகம்) பாருங்கள். சராசரி 90 இருந்தும் அது 35-க்கு இறங்கினால் மவுஸ் பிடித்த கைக்கே தெரியும். ஃபிரேம் ஜெனரேஷன் (இடையிடையே செயற்கை ஃபிரேம்களைச் சேர்க்கும் வசதி) போட்டு எடுத்த எண்களை நான் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

மின்சாரம் 3060-க்கு 170 வாட், 4060-க்கு 115 வாட். மதர்போர்டு பிசிஐஇ 3.0 (கார்டைச் செருகும் இணைப்பின் பழைய தலைமுறை) என்றால் ஒரு விஷயம்: 4060 அந்த இணைப்பில் எட்டு லேன் (தரவுப் பாதை) மட்டும்தான் பயன்படுத்தும், சில கேம்களில் கொஞ்சம் வேகம் குறையும்.