மாநகராட்சி இணையதளத்தை மக்களோடு சேர்ந்து மறுவடிவமைப்பது எப்படி?

மாநகராட்சி இணையதளம் மாற்றியமைக்கப்படும்போது, மக்களின் கருத்து பெரும்பாலும் வேலை முடியும் தறுவாயில்தான், அதுவும் நிறத்தையும் முகப்புப் படத்தையும் பற்றி மட்டுமே கேட்கப்படுகிறது. அந்தக் கட்டத்தில் எத்தனை நல்ல யோசனை வந்தாலும் அதனால் மாறக்கூடியது சொற்பமே. ஆகவே, வடிவமைப்பைத் தொடங்குவதற்கு முன்பே மக்களை அழைத்துவிட வேண்டும்.

படி 1: தேவைகளைத் திரட்டுங்கள்

பழைய தளத்தின் தேடல் பெட்டியில் பதிவான சொற்களையும், உதவி எண்ணுக்கு வரும் கேள்விகளையும், கவுன்ட்டர் ஊழியர்கள் நாள்தோறும் சொல்லும் பதில்களையும் ஒரே பட்டியலாக்குங்கள். ஒவ்வொன்றையும் 'பிறப்புச் சான்றிதழில் பெயரைத் திருத்த வேண்டும்' என்பதுபோல, கேட்டவரின் சொற்களிலேயே எழுதுங்கள்.

படி 2: வராதவர்களைத் தேடிச் செல்லுங்கள்

இணையத்தில் மட்டும் கருத்துக் கேட்டால், இணையம் ஏற்கெனவே கைவந்தவர்களே பதில் தருவார்கள். நூலகத்துக்கும் சந்தைக்கும் வரி வசூல் மையத்துக்கும் நேரில் சென்று, முதியோர், பார்வையற்றோர், சிறு வணிகர், கைபேசியை மட்டுமே பயன்படுத்துவோர் ஆகியோரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் செலவிடும் நேரத்துக்குச் சிறு தொகை வழங்குவது முறை.

படி 3: அட்டைகளைப் பிரிக்கச் சொல்லுங்கள்

நான் மிகவும் பயனுள்ளதாகக் கருதும் படி இதுவே. அட்டைக்கு ஒரு சேவையாக நாற்பது, ஐம்பது அட்டைகளை எழுதிக் கொடுத்து, ஒன்றோடொன்று தொடர்புடையவையாகத் தோன்றுபவற்றைச் சேர்த்து அடுக்கி, ஒவ்வோர் அடுக்குக்கும் தாங்களே பெயர் வைக்கும்படி கேளுங்கள். குறுக்கிட்டு விளக்கம் தராதீர்கள். புதுக் கடை திறப்பவர் உரிமம், குப்பைக் கட்டணம், விளம்பரப் பலகை அனுமதி ஆகிய மூன்றையும் ஒரே அடுக்கில் வைக்கக்கூடும். அவை மூன்று துறைகளைச் சேர்ந்தவை என்பது அவருக்குத் தேவையற்ற செய்தி. ஏறத்தாழ 15 பேர் பிரித்து முடித்ததும், திரும்பத் திரும்ப வரும் அடுக்குகளையும் பெயர்களையும் கொண்டு தளத்தின் பட்டியை (மெனுவை) அமையுங்கள். துறைத் தலைவர்களிடமிருந்து எதிர்ப்பு வரும். அப்போது அடுக்குகளின் படங்களைக் காட்டுவதே நல்ல பதில்.

படி 4: மாதிரியைச் சோதியுங்கள்

புதிய தளத்தின் மாதிரி வடிவத்தைக் காட்டி, 'இது பிடித்திருக்கிறதா?' என்று கேட்காதீர்கள். மரியாதைக்காகப் பலரும் ஆம் என்பார்கள். 'வரி பாக்கியைக் கண்டுபிடியுங்கள்' என்று ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு, எங்கே தடுமாறுகிறார் என்று பேசாமல் கவனியுங்கள். சுற்றுக்கு ஐந்து பேர் போதும் என்பது பயன்பாட்டு வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2000ஆம் ஆண்டில் தந்த பரிந்துரை. ஆனால் பிழைகளைத் திருத்தி மறுபடியும் சோதித்தால்தான் அது பொருந்தும். திரை வாசிப்பான் (திரையிலுள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் மென்பொருள்) பயன்படுத்துபவர் ஒருவராவது ஒவ்வொரு சுற்றிலும் இருக்கட்டும். சாதாரண அளவிலுள்ள எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளிர்வு வேறுபாடு (கான்ட்ராஸ்ட்) 4.5:1 விகிதத்துக்குக் குறையக் கூடாது.

படி 5: உள்ளடக்கத்தையும் பகிர்ந்து எழுதுங்கள்

அமெரிக்காவின் ஹவாய் மாநிலத்திலுள்ள ஹொனலுலு நகரில் 2012இல் குடிமக்களே ஒன்றுகூடி, நகர சேவைகளைப் பற்றிய கேள்விகளுக்கு எளிய நடையில் பதில் எழுதினார்கள். இதே முறையைப் பின்பற்றலாம். ஆனால் சட்ட விவரங்களை அலுவலர் சரிபார்த்த பிறகே வெளியிட வேண்டும்.

படி 6: முடிவுகளை வெளியிடுங்கள்

வந்த யோசனை, எடுத்த முடிவு, அதற்கான காரணம் ஆகிய மூன்றையும் அட்டவணையாக வெளியிடுங்கள். ஏற்காதவையும் அதில் இடம்பெற வேண்டும். புதிய தளம் வெளியான பின் பழைய தளத்தைச் சில வாரங்கள் உடன் வைத்திருந்து, பழைய முகவரிகள் அனைத்தும் உரிய புதிய பக்கங்களுக்கே செல்கின்றனவா என்று பார்த்த பிறகு அதை மூடுங்கள்.